பத்திரிகை இல்லாத கல்யாணம்

வெளி தேசத்திலிருந்து வரும் விருந்தாளிக்கு நமது உத்ஸவம் ஒன்றைக் காட்டுவது மிகவும் சுலபமான காரியம் என்றுதான் சென்ற மாசி மாதம் வரையில் நான் எண்ணியிருந்தேன். கூட்டம் இடிக்காத இடமாகப் பார்த்து அவரை நிறுத்த வேண்டும். "அதோ எழுந்தருளுகிறாரே, அவர்தான் பெருமாள். இதோ முழங்குகிறதே, இதற்குத் தவில் என்று பெயர்" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்து வழியனுப்பிவிட வேண்டும். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளக் கத்திய என் போன்றவனுக்கு இதைக் காட்டிலும் இன்பமான தொழில் உண்டா? கேட்பவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். பரீட்சை வைத்துத் திருத்த வேண்டிய கஷ்டமும் கிடையாது!

இந்த எண்ணத்துக்கு மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு முடிவு வந்தது. அம்முடிவைக் கொண்டுவந்தவன், கையில் இரண்டு தேநீர் டம்ளர்களுடன் நின்ற என் வகுப்புப் பையன் ஒருவன்.

எங்கள் கல்பாக்கத்தை வெளியூரார் அணுமின் நிலையத்தைக் கொண்டுதான் அறிவார்கள். ஆனால் ஊரை ஒட்டினாற்போல் இருக்கும் சதுரங்கப்பட்டினம், மின்சாரம் என்ற பேச்சே உலகத்தில் எழாத காலத்தில், ஐரோப்பாவில் பிரஸித்தி பெற்றிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே வந்து வியாபாரம் தொடங்கினார்கள். நமது நெசவாளர் நெய்த மெல்லிய துணி அங்கிருந்து கப்பலேறிற்று. ஊரின் பெயர் அவர்களுடைய வாயில் நுழையாமல் 'சத்ராஸ்' என்று குறுகிப் போயிற்று. அவர்கள் கட்டிய செங்கற் கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி பாழடைந்து நிற்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் மூடியிருக்கும் கற்களில் சித்திர வேலையும் பழைய டச்சு எழுத்துக்களும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

மாசி மகத்துக்கு முந்தின வாரம் என் வகுப்புப் பிள்ளைகளை அந்தக் கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தேன். அப்போது அங்கே ஹாலந்து தேசத்துப் பெண்மணி ஒருவர் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவரும் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். மூன்று வாரத்துக்கு மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எங்கள் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதன் பேரில், கல்லில் இருந்ததைத் தட்டுத் தடுமாறி வாசித்துப் பொருளும் சொன்னார். பிறகு என்னிடம் சற்றுத் தாழ்ந்த குரலில், "எங்கள் முன்னோர் இங்கே விருந்தாளிகளாக வந்தார்கள். ஆனால் விருந்தாளியாக நடந்துகொள்ளவில்லை" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. கைம்மாறாக ஏதாவது செய்ய வேண்டுமென்று தோன்றியது. "வருகிற பௌர்ணமி மாசி மகம். இந்தக் கரையில் அதைவிடப் பெரிய விழா கிடையாது. நான் வந்து உங்களுக்குக் காட்டுகிறேன்" என்றேன்.

*

மாசி மாதத்தில் மக நட்சத்திரமும் பௌர்ணமியும் சேருகிற நாளில் தெய்வங்கள் தீர்த்தமாட நீர்நிலைக்கு எழுந்தருளுவதை நேயர்கள் அறிவார்கள். கும்பகோணத்தில் அது மகாமகக் குளம். எங்கள் பக்கத்தில் சமுத்திரம். மாமல்லபுரத்தில் ஸ்தலசயனப் பெருமாள் கோயிலிலிருந்து ஸ்வாமி புறப்பட்டுக் கடற்கரைக்கு வருகிறார். அதே கடற்கரையில், அதற்கு முன்பே இரண்டொரு நாளாக, செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களிலிருந்து இருளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூடிவிடுகின்றன. அவர்களுடைய கன்னியம்மனுக்கு அன்றுதான் பெருவிழா.

பௌர்ணமி மாலை நானும் விருந்தாளி அம்மாளும் கடற்கரைச் சாலையில் நடந்தோம். சாலையின் இருபுறமும் வளையல் கடை, பொரி கடலைக் கடை, பலூன்காரர், பிளாஸ்டிக் குடங்களை மலைபோல் குவித்திருக்கும் வியாபாரி, ராட்டினம், கரும்பு ஜூஸ் யந்திரத்தின் மணி. எல்லாம் ஒரே ஓசையாக இருந்தது. அந்த ஓசைக்கு மேல் என் குரலை உயர்த்தி ஒரு சிறு பிரசங்கம் ஆரம்பித்தேன்.

"உங்கள் ஐரோப்பியர் எங்கள் உத்ஸவங்களைப் பார்த்துவிட்டு என்ன எழுதினார்கள் தெரியுமா? 14-ஆம் நூற்றாண்டில் ஒதோரிக் என்ற இத்தாலியப் பாதிரியார் இந்தக் கரைக்கு வந்தார். அராபியர்கள் மாபார் என்று சொன்ன தமிழ்க் கரை இதுதான். 1330-ல் ஊர் திரும்பித் தமது யாத்திரையைச் சொல்லி எழுதுவித்தார். தேர்த் திருவிழாவில் ஜனங்கள் சக்கரத்தின் கீழ்த் தாமாகவே விழுந்து உயிர் விடுகிறார்கள் என்று அதில் ஒரு செய்தி. பின்னால் வந்தவர்கள் அதையே பிரதி பண்ணிப் பண்ணி, கடைசியில் பூரி ஜகந்நாதர் தலையில் கட்டினார்கள். எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் பொருளுக்கு இங்கிலீஷில் 'ஜகர்நாட்' என்று ஒரு வார்த்தையே பிறந்துவிட்டது. இங்கிலாந்தில் இப்போது பெரிய லாரிகளுக்கு அந்தப் பெயர்! ஹண்டர் என்ற பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர் ரிக்கார்டுகளைப் புரட்டிப் பார்த்து, இது விஷ்ணு வழிபாட்டின் இயல்புக்கே விரோதமானது என்று 1872-ல் எழுதினார். ஆனால் அதற்குள் ஐந்நூறு வருஷம் ஓடிவிட்டது."

அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேட்டு எழுதினார்" என்றார்.

அவர் சொன்னது ஆபிரகாம் ரோகெரியுஸ் என்ற டச்சுப் பாதிரியாரைப் பற்றி. பழவேற்காட்டு டச்சுக் கோட்டையில் 1632 முதல் 1642 வரை பத்து வருஷம் இருந்தவர். பத்மநாபன் என்ற பிராமணர் ஒருவரிடம் நமது பூஜைகளையும் பண்டிகைகளையும் ஆசாரங்களையும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் காலமான பிறகு 1651-ல் அது புத்தகமாக வெளிவந்தது. பர்த்ருஹரியின் சுலோகங்கள் ஐரோப்பிய பாஷையில் முதன்முதல் ஏறியது அந்தப் புத்தகத்தில்தான். தம் மதமே உண்மையானது என்று நம்பிய மனிதர். ஆனாலும் எதிரில் இருப்பவன் வாயால் கேட்டு எழுத வேண்டும் என்கிற மரியாதை அவருக்கு இருந்தது.

"கேட்டவருக்கும் கேளாதவருக்கும் அதுதான் வித்தியாசம்" என்றேன் நான், பெரிய தீர்ப்புச் சொல்கிறவனைப் போல.

இதைச் சொல்லிவிட்டு நேரே மணலில் இறங்கி, கேளாதவர் செய்கிற காரியத்தைச் செய்யத் தொடங்கினேன்.

*

நிலவு கடலுக்கு மேல் ஓர் ஆள் உயரம் ஏறியிருந்தது. கடற்கரைக் கோயிலின் விமானம் ஒரு பக்கத்தில் கறுத்துத் தெரிந்தது. மணல் முழுவதும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். நான்கு குச்சிகளை நட்டு, புடைவையைச் சுற்றிக் கட்டினால் வீடு. மூன்று கற்களை வைத்தால் அடுப்பு. குழந்தைகள் தூங்கின, கிழவிகள் வெற்றிலை இடித்தார்கள். எங்கோ உடுக்கைச் சத்தமும் அதனோடு இழைந்த பாட்டும் கேட்டன.

நான் விரலை நீட்டி நீட்டி விளக்கினேன். "இவர்கள் ஆதிவாசிகள். அரசாங்கத்தின் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். பாம்பு பிடிப்பது, எலி பிடிப்பது, மூலிகை பறிப்பது இவர்களுடைய பரம்பரைத் தொழில். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றது. இவர்கள் பிழைப்புக்குத் திண்டாடினார்கள். 1978-ல் இதே சாலையில் இருக்கும் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்துக்கொண்டு பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். தேசமெங்கும் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அந்த விஷம் போகிறது."

இவையெல்லாம் உண்மைதான். ஆனால் புத்தகத்தில் படித்ததை, அந்த மனிதர்கள் இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் இல்லாதது போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பேசுகிற தோரணை!

"எதற்காக இவர்கள் கடற்கரைக்கு வருகிறார்கள்?" என்று அம்மாள் கேட்டார்.

சந்திரன், சமுத்திரம், ஆதி மனிதனின் அச்சம் என்று எதையோ கலந்து ஒரு விடை தயார் செய்து வாயைத் திறந்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து, "சார், டீ சாப்பிடுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். என் ஒன்பதாம் வகுப்புப் பையன்!

நேயர்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்கு நாளைக்கு முன்பு அந்தப் பையன் என்னிடம் ஒரு லீவு விண்ணப்பம் கொடுத்திருந்தான். அக்காளுக்குக் கல்யாணம் என்று எழுதி, மூன்று நாள் லீவு கேட்டிருந்தான். "கல்யாணப் பத்திரிகை எங்கே?" என்று கேட்டேன். அச்சடிக்கவில்லை என்றான். "தேதி எப்போது நிச்சயம் செய்தார்கள்?" என்றேன். "நெலா வந்தா கல்யாணம் சார்" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு நிற்காமல், "போன மாசியிலும் மூன்று நாள் வரவில்லை, அதற்கு முந்தின மாசியிலும் வரவில்லை. உங்கள் வீட்டில் வருஷந்தோறும் கல்யாணமோ?" என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பையன்தான் இப்போது என் முன்னால் நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கிறவனுடைய சந்தோஷம்தான் இருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டேன். தேநீர் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

*

"எதற்காக வருகிறீர்கள் என்று இந்த அம்மாள் கேட்கிறார்கள்" என்று அவனிடமே கேட்டேன்.

"எங்க அம்மா கோவிச்சுக்கினு கடலுக்குப் பூட்டா சார். கன்னியம்மா. வருசத்துக்கு ஒரு தபா நாங்க எல்லாரும் வந்து சமாதானம் பண்ணி, வூட்டுக்குக் கூட்டிக்கினு போவோம்."

"எதற்காகக் கோபம்?"

அவன் யோசித்தான். "வூட்ல ஒருத்தருக்கொருத்தர் பேசாம இருந்தா அம்மாவுக்குக் கோவம் வராதா சார்?"

நான் மொழிபெயர்த்தேன். அம்மாள் நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ வேறொரு நினைவு. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலையில் இதே கடல் எழும்பி வந்து எங்கள் கல்பாக்கத்தில் பல உயிர்களைக் கொண்டுபோனது. அன்றைக்குப் பிறகு கடலை நாங்கள் சுவர் எழுப்பித்தான் பார்க்கிறோம். கோபித்துக்கொண்டு போனவளைச் சமாதானம் செய்ய ஒவ்வொரு வருஷமும் குடும்பத்தோடு வந்து அதன் கரையிலேயே படுத்துறங்குகிற ஜனங்களும் அதே ஜில்லாவில்தான் இருக்கிறார்கள்.

பிறகு பையனுடைய தகப்பனார் வந்தார். செங்கல் சூளை வேலைக்காகக் குடும்பம் ஊர் ஊராகப் போவதையும், பையனின் படிப்புக்காகவே இரண்டு வருஷமாகக் கல்பாக்கத்துப் பக்கத்தில் தங்கியிருப்பதையும் சொன்னார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. இருந்தும், முன்பணம் வாங்கிய கடனுக்காக அரிசி ஆலையிலும் சூளையிலும் கட்டுண்டு கிடந்து அதிகாரிகளால் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களைப் பற்றி நமது ஜில்லாவில் அதற்கு வெகு காலம் பின்னும் செய்தி வந்ததை நேயர்கள் படித்திருப்பார்கள். இப்படிப் பல திக்கில் சிதறிப் போன சொந்தக்காரர்கள் முகம் பார்ப்பது இந்த ஓரிரவில்தான். யார் செத்தார், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் பெண் சமைந்தாள் என்பதெல்லாம் இங்கேதான் தெரிகிறது. இந்த வருஷம் பேசி முடித்த பெண்ணுக்கு அடுத்த வருஷம் இதே மணலில் தாலி ஏறுகிறது. தபால் விலாசம் நிலையில்லாத ஜனங்களுக்குப் பத்திரிகை அனுப்புவது எங்கே? பௌர்ணமி ஒன்றுதான் எல்லோருடைய வீட்டுக்கும் தவறாமல் போய்ச் சேருகிற கடிதம்.

"நெலா வந்தா கல்யாணம்" என்று பையன் சொன்னது வேடிக்கைப் பேச்சு அல்ல என்பதும், அதைவிடச் சரியாகத் தேதி சொல்ல முடியாது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அந்த இரவு அவன் பள்ளிக்கூடத்தில் ஆஜராகியிருந்தால், தன் குலத்தில் ஆஜராகாதவனாகியிருப்பான்.

*

விடியற்காலை நான்கு மணிக்கே கடற்கரை விழித்துக்கொண்டது. எல்லோரும் கடலில் முழுகி எழுந்து, ஈரத் துணியோடு மணலைக் குவித்து ஏழு படி கட்டினார்கள். ஏழு கன்னிமாருக்கு ஏழு படி. படிகளின் மேல் பூவும் வாழைப்பழமும் தேங்காயும் பொரியும் வைத்தார்கள். கற்பூரம் எரிந்தது. கோபுரம் இல்லை, கதவு இல்லை, பூட்டு இல்லை. அலை கொஞ்சம் ஏறி வந்தால் கோயிலே கரைந்துவிடும். கரைந்தால் மறுபடியும் கட்டுகிறார்கள்.

சாமி வந்து ஆடிய ஒரு பெரியவர் வாக்குச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அந்தந்தக் குடும்பத்தார் பெண்ணையும் பிள்ளையையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிழக்கு வெளுத்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோதே ஏழெட்டுக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தன.

இங்கேதான் நமது நாகரிக ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். கழுத்தில் காமிராவும் கையில் செல்போனுமாக ஐம்பது அறுபது பேர். அவர்களில் வெள்ளைக்காரர் நாலைந்து பேருக்கு மேல் இல்லை, மற்றவரெல்லாம் நம்மவர்கள். மணமக்களைச் சுற்றி வளையம் போட்டு நின்றார்கள். பெண்ணின் சொந்தக்காரர்களுக்கே பெண் தெரியவில்லை. மணலில் கட்டிய படியின் மேல் ஒருவர் கால் வைத்துவிட்டார். நான்? உண்மையைச் சொல்கிறேன். என் கையிலும் செல்போன் உயர்ந்துதான் இருந்தது.

எங்களுக்கு அடுத்த கூட்டத்தில் மணமகன் தாலி கட்டி முடித்தான். படம் சரியாக விழவில்லை போலும். காமிரா வைத்திருந்த நம்மவர் ஒருவர், "தம்பி, இன்னொரு தடவை கட்டு" என்றார்.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர், குரலை உயர்த்தாமல், "தாலி ஒரு தபாதான் சாமி கட்டுவாங்க" என்றார்.

நான் கையை இறக்கினேன். விருந்தாளி அம்மாள் தமது காமிராவை எப்போதோ பைக்குள் வைத்துவிட்டிருந்தார் என்பதை அப்போது கவனித்தேன். அவர் என்னிடம் கேட்டது வேறு கேள்வி: "உங்கள் ஊர்க் கல்யாணத்தில் வருகிறவர்கள் என்ன கொடுப்பது வழக்கம்?"

இதற்குள் பையனின் பாட்டி எங்களைப் பார்த்துவிட்டாள். நேரே வந்து, "நீங்க பொண்ணு வூடா, புள்ள வூடா?" என்று கேட்டாள்.

வாழ்க்கையில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். இதற்கு விடை தெரியவில்லை. யாரைச் சேர்ந்தவன் என்று சொல்ல முடியாத ஒருவனுக்குக் கல்யாணத்தில் என்ன வேலை? ஹாலந்திலிருந்து ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பறந்து வந்தவரும், பதினைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த நானும் அந்தக் கேள்வியின் முன்னால் ஒரே மாதிரி விழித்தோம். இத்தனை நேரம் அந்நியருக்கு ஊர் காட்டும் உள்ளூர்க்காரன் என்று என்னை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அந்நியர் ஒருவர் அல்ல, இருவர்.

பையன்தான் காப்பாற்றினான். "எங்க சாரு, ஆயா!" என்று கத்தினான்.

"அப்போ பொண்ணு வூடு" என்று தீர்ப்புச் சொல்லி, எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணப்பெண்ணுக்குப் பின்னால் உட்கார்த்திவிட்டாள்.

பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். மஞ்சள் புடைவை, தலையில் கனகாம்பரம். மஞ்சள் கயிறு கழுத்தில் ஏறியபோது பெண்கள் குலவையிட்டார்கள். விருந்தாளி அம்மாளும் குலவையிட முயன்றார். தொண்டையில் ஏதோ சத்தம் மட்டும் வந்தது. பெண் வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். வகுப்பில் நாங்கள் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தோமே, அந்தச் சிரிப்பு அல்ல இது.

மொய் எழுதினவன் என் மாணாக்கன்தான். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், நான் வருஷம் முழுவதும் திருத்தித் திருத்தி அழகாக்கிய கையெழுத்தில், பெயர், ஊர், தொகை என்று கோடு கிழித்திருந்தான். 'ஹாலந்து அம்மா, ஹாலந்து, ரூ. 101' என்று எழுதினான். அடுத்த வரியில் 'எங்க சார்' என்று எழுதிவிட்டு, ஊர் என்ற இடத்தில் சற்றுத் தயங்கினான். பிறகு 'பள்ளிக்கூடம்' என்று போட்டான்.

*

வெயில் ஏறியபோது பெருமாள் வந்தார். மேள தாளமும் குடையும் கோஷமும் கடற்கரைச் சாலையை நிறைத்தன. சக்கரத்தாழ்வாரைக் கடலில் நீராட்டியபோது ஊர் ஜனங்களும் வெளியூர் யாத்திரிகர்களும் ஒன்றாக அலையில் இறங்கினார்கள். சில அடி தள்டி, மணல் படிகளின் பக்கத்தில் நின்ற இருளர் பெண்கள் அங்கிருந்தே கை கூப்பினார்கள். கடல் எல்லோர் தலையிலும் ஒரே தண்ணீரைத்தான் தெளித்தது.

அம்மாள் ஸ்தல புராணம் கேட்டார். இதை நான் தைரியமாகச் சொல்லலாம். என் பாட்டி எனக்குச் சொன்ன கதை. புண்டரீக மகரிஷி தாமரைப் பூக்களைக் கொய்து வைத்துக்கொண்டு, பாற்கடலுக்குப் போய்ப் பெருமாள் திருவடியில் சேர்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். குறுக்கே சமுத்திரம் இருந்தது. கையாலேயே அதை இறைத்து வற்றச் செய்யத் தொடங்கினார். ஒரு நாள் பசியோடு ஒரு கிழவர் வந்து, "எனக்குச் சோறு கொடு; நீ வரும் வரையில் நான் இறைக்கிறேன்" என்றார். ரிஷி சோறு கொண்டுவரப் போனார். திரும்பி வந்து பார்த்தால், கிழவர் இருந்த இடத்தில் பெருமாளே, ஆதிசேஷன் கூட இல்லாமல், அந்தப் பூக்களோடு வெறுந்தரையில் சயனித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் ஸ்தலசயனம்.

கதையைச் சொல்லி முடித்தபோது எனக்கே அது புதிதாகப்பட்டது. கிழவர் வந்தபோது ரிஷி, "நீர் யார்? எந்த ஊர்? பத்திரிகை எங்கே?" என்று கேட்டிருந்தால் ஸ்தலமே உண்டாகியிருக்காது!

"பார்க்க வந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள். என் பிரயாணத்தில் இதுதான் முதல் தடவை" என்று சொல்லி அம்மாள் விடைபெற்றுக்கொண்டார்.

அறியாத தேசத்துக்குப் போகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் இருளர்களிடமே இருக்கிறது. 2017-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவின் ப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டுப் போனார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை அந்நாட்டு விஞ்ஞானிகளால் எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. இவர்கள் அந்த ஊர் மண்ணைக் குனிந்து பார்த்து, தடம் பார்த்து, புல் மடிந்திருப்பதைப் பார்த்து, சில வாரங்களில் பல பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புதிய இடத்துக்குப் போனால் முதலில் குனிய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பிரசங்கம் செய்து கற்பிக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். முந்தின இரண்டு மாசிகளில் அந்தப் பையன் பெயருக்கு நேரே நான் போட்ட சிவப்பு மசிக் குறிகளை இனி அழிக்க முடியாது. ஆனால் கரும்பலகையை அழிக்கலாம். அழித்துவிட்டுச் சாக்குக் கட்டியை அவன் கையில் கொடுத்து, நான் கடைசிப் பெஞ்சியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் ஏழு படி வரைந்தான், கடல் வரைந்தான், நிலவு வரைந்தான். கோபித்துக்கொண்டு போன அம்மாவைப் பற்றிச் சொன்னான். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. முன்பு எல்லோரையும்விட உரக்கச் சிரித்த பையன் எழுந்து, "அடுத்த வருஷம் நாங்களும் வரலாமா?" என்று கேட்டான்.

"வாங்க. ஆனா பொண்ணு வூடா புள்ள வூடான்னு எங்க ஆயா கேக்கும். முதல்லியே முடிவு பண்ணிக்கினு வாங்க" என்றான்.

அடுத்த மாசி மகத்துக்கு எனக்கும் அழைப்பு வந்துவிட்டது. அச்சடித்த பத்திரிகை எதுவும் கிடையாது. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.